மந்தமான மார்க்கெட்டில் வீடு: இப்போதே விற்பதா, பொறுத்து விற்பதா, வாடகைக்கு விடுவதா?

வீட்டை விற்கப் போட்டு நாலு மாதம் ஆகிறது. முதல் மாதம் பத்துப் பேர் வந்து பார்த்தார்கள். இரண்டாம் மாதம் மூன்று பேர். இப்போது நாம் கூப்பிட்டாலும் தரகர் போனை எடுப்பதில்லை. எடுத்தால், "மார்க்கெட் டல்லா இருக்கு சார், கொஞ்சம் இறங்கி வாங்க" என்கிறார். வீட்டில் ஒருவர் "இறங்கிக் கொடுத்துவிடலாம்" என்கிறார், இன்னொருவர் "இந்த விலைக்கா? சும்மா இருக்கட்டும், ஏறும்போது பார்த்துக்கலாம்" என்கிறார். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் முடிவு எடுக்க முடியாமல் மாதங்கள் போகின்றன.

இந்த இடத்தில் எல்லோரும் கேட்பது, மார்க்கெட் எப்போது எழும் என்று. அதற்கு உறுதியான பதில் யாரிடமும் கிடையாது. நம்மால் கணக்குப் போட்டுப் பதில் சொல்லக்கூடிய கேள்வி வேறு: இந்த வீட்டை இன்னும் ஒரு வருஷம் கையில் வைத்திருக்க எனக்கு எவ்வளவு ஆகும்? விற்று வரும் பணம் அதே ஒரு வருஷத்தில் எனக்கு என்ன செய்து கொடுக்கும்? விற்பது, காத்திருப்பது, வாடகைக்கு விடுவது, விற்று வேறு வாங்குவது என நான்கு வழிகளையும் இந்தக் கேள்வியை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும் என்பது என் கட்சி.

அதற்கு முன்னால் ஒரு எண்ணை மறக்க வேண்டும். நாம் வாங்கிய விலை. எழுதுவதற்கு எளிது, செய்வதற்கு எவ்வளவு கடினம் என்பது விற்க உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். வாங்க வருகிறவருக்கு அந்த எண்ணோடு எந்த உறவும் இல்லை. பக்கத்தில் இதே மாதிரி வீடு என்ன விலைக்குப் படிந்தது என்பதுதான் அவர் கணக்கு. டேவிட் ஜெனசோவ், கிறிஸ்டோஃபர் மேயர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1990களில் நடந்த அடுக்குமாடி வீட்டு விற்பனைகளை ஆராய்ந்து 2001இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வாங்கிய விலைக்குக் கீழே விற்க வேண்டிய நிலையில் இருந்தவர்கள், அந்த நஷ்டத்தில் 25 முதல் 35 சதவீதத்தைக் கேட்கும் விலையின் மேல் ஏற்றி வைத்தார்கள். அப்படி ஏற்றிக் கேட்டதில் கைக்கு வந்தது நஷ்டத்தில் 3 முதல் 18 சதவீதம். அவர்களுடைய வீடுகள் மற்றவர்களுடையதைவிட மெதுவாகவே விலைபோயின. ஆக, பிடிவாதத்துக்குப் பலனே இல்லை என்று சொல்ல முடியாது, கொஞ்சம் கிடைக்கிறது. அதற்கு விலையாகக் காலம் போகிறது. போகிற காலத்துக்கு என்ன செலவு என்று பெரும்பாலும் யாரும் எழுதிப் பார்ப்பதில்லை.

எழுதிப் பார்ப்போம்.

இன்று வீட்டை விற்றால் செலவு எல்லாம் போக 90 கைக்கு வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் மனதில் இருக்கும் விலை, அதுவும் செலவு போக, 100 (லட்சமோ கோடியோ, கணக்கு ஒன்றுதான்). மூன்று வருஷத்தில் அந்த 100 வந்துவிடும் என்று நம்புகிறோம். இன்றைக்கே 90 வாங்கி, அதை வருஷத்துக்கு 5 சதவீதம் தரும் பாதுகாப்பான ஒன்றில் போட்டால் மூன்று வருஷத்தில் 104 ஆகும். அந்த மூன்று வருஷமும் வீட்டுக்கு வரி, பராமரிப்பு, காப்பீடு, ரிப்பேர் என்று வருஷத்துக்கு 1.5 போனால் மொத்தம் 4.5. அப்படியானால் பூட்டிப் போட்ட வீடு மூன்று வருஷம் கழித்துச் சுமார் 109க்குப் போனால்தான் இன்று 90க்கு விற்றதோடு சமம். நாம் கனவு கண்ட 100க்கே விற்றாலும் 9 நஷ்டம். வீட்டின் மேல் 8 சதவீத வட்டியில் கடன் நின்று, விற்ற பணம் முழுவதும் அதை அடைக்கவே போகும் என்றால், சமமாக வருவதற்கே சுமார் 118 வேண்டும்.

அதே வீட்டில் நாமே குடியிருக்கிறோம் என்றால் கணக்கு தலைகீழாக மாறுகிறது. விற்றுவிட்டால் வேறு இடத்தில் வாடகை கொடுக்க வேண்டும். அது வருஷத்துக்கு 3.5 என்றால் மூன்று வருஷத்தில் 10.5. முன்பு சொன்ன 109இல் இதைக் கழித்தால் 98 சொச்சம். இப்போது 100க்கு விற்றால் கொஞ்சம் லாபம்தான். ஒரே வீடு, ஒரே மார்க்கெட், ஒரே மூன்று வருஷம். உள்ளே விளக்கு எரிகிறதா, பூட்டுத் தொங்குகிறதா என்பதில் இவ்வளவு வித்தியாசம் வருகிறது. இந்தக் கணக்கை உங்கள் எண்களைப் போட்டு ஒரு தாளில் நீங்களே எழுத வேண்டும். பாங்கில் கொடுக்கும் வட்டி, உங்கள் கடன் வட்டி, உங்கள் பகுதி வாடகை ஆகியவற்றைத் தெரிந்துகொள்ள ஒரு மணி நேரம் போதும்.

காத்திருந்தால் ஏறுமா?

"வீட்டு விலை எப்படியும் திரும்ப ஏறிவிடும்" என்பது பொய்யில்லை. எத்தனை வருஷத்தில் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அமெரிக்காவில் 2006இல் உச்சத்தைத் தொட்ட வீட்டு விலை 2012 தொடக்கம் வரை இறங்கி, நாடு தழுவிய சராசரியில் நாலில் ஒரு பங்குக்கும் மேல் இழந்தது. பழைய உச்சத்தை மறுபடி எட்டியது 2016இல். பிரிட்டனில் 1989இல் வாங்கியவர்கள் அந்த விலையைப் பார்க்க ஏறத்தாழ 1998 ஆனது. அயர்லாந்தில் 2007இலிருந்து 2013க்குள் சராசரி விலை பாதியானது, உச்சம் திரும்ப வந்தது 2022இல். ஜப்பானில் 1990களின் தொடக்கத்தில் இறங்க ஆரம்பித்த குடியிருப்பு நிலத்தின் விலை சுமார் பதினைந்து வருஷம் தொடர்ந்து இறங்கிக்கொண்டே இருந்தது.

இவையெல்லாம் பெரிய சரிவுகள். ஒவ்வொரு மந்தமும் இப்படி ஆகாது. ஆனால் மார்க்கெட் பொதுவாக மாதக் கணக்கில் திரும்புவதில்லை, வருஷக் கணக்கில்தான் திரும்புகிறது. திரும்பி வருகிற அதே எண்ணும் அதே பணம் கிடையாது. விலைவாசி வருஷம் 4 சதவீதம் ஏறினால், ஐந்து வருஷம் கழித்து வரும் 100க்கு இன்றைய மதிப்பில் 82தான். இன்னொன்று, 20 சதவீதம் இறங்கியது பழைய இடத்துக்கு வர 25 சதவீதம் ஏற வேண்டும். பாதியானது இரண்டு மடங்காக வேண்டும்.

காத்திருக்கலாமா என்று தீர்மானிக்க, மந்தம் எதனால் வந்தது என்று பார்ப்பதுதான் நான் அறிந்தவரை மிகவும் உதவுவது. வட்டியால் வந்த மந்தம் ஒரு வகை. வட்டி ஏறினால் வாங்குகிறவர் கையில் இருக்கும் பலம் எப்படிக் குறைகிறது பாருங்கள். 30 வருஷக் கடனுக்கு 3 சதவீத வட்டியில் மாதம் என்ன கட்டுவாரோ, அதே தொகையை 7 சதவீதத்தில் கட்டினால் முன்பு கிடைத்த 100க்குப் பதில் 63தான் கடன் கிடைக்கும். அமெரிக்காவில் 2021 தொடக்கத்தில் 3 சதவீதத்துக்குக் கீழே இருந்த வீட்டுக்கடன் வட்டி 2023 அக்டோபரில் 7.8 சதவீதத்தை ஒட்டி வந்தது. குறைந்த வட்டியில் கடன் வாங்கியிருந்தவர்களில் பலர் அந்த வட்டியை இழக்க மனமில்லாமல் வீட்டை விட்டு நகரவே இல்லை. அந்த ஆண்டு கைமாறிய பழைய வீடுகளின் எண்ணிக்கை, 1995க்குப் பிறகு அதுவரை வந்ததில் மிகக் குறைவு. ஆனால் விலை பெரிதாகச் சரியவில்லை, விற்க வந்தவர்களும் குறைவு என்பதால். இப்படிப்பட்ட மந்தத்தில் வாங்க ஆசைப்படுகிறவர்கள் ஊரை விட்டுப் போய்விடவில்லை, ஓரமாக நிற்கிறார்கள். வட்டி இறங்கினால் திரும்ப வருவார்கள். பொறுப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

ஊரால் வரும் மந்தம் வேறு. வேலை கொடுத்த தொழிற்சாலை மூடிவிட்டது, இளைஞர்கள் வெளியேறுகிறார்கள், தேவைக்கு மேல் கட்டிக் குவித்துவிட்டார்கள் என்றால் வாங்க வேண்டிய ஆளே இல்லை. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 1950இல் பதினெட்டு லட்சத்துக்கும் மேல் மக்கள் இருந்தார்கள், 2020இல் ஆறரை லட்சத்துக்கும் குறைவு. ஜப்பானில் 2023 கணக்கெடுப்பின்படி சுமார் 90 லட்சம் வீடுகள் காலியாகக் கிடக்கின்றன, அதாவது நூற்றுக்குப் பதினான்கு. அப்படிப்பட்ட ஊரில் வீடு வைத்திருப்பவர் பொறுத்திருப்பது இலவு காத்த கிளி கதைதான். இன்று கேட்கிற விலைக்குக் கொடுத்துவிட்டு வெளியே வருவது நல்லது என்று தயங்காமல் சொல்வேன்.

எந்த வகை என்று தெரியாவிட்டால் எண்ணிப் பாருங்கள். உங்கள் பகுதியில் உங்களுடையதைப் போன்ற வீடுகள் எத்தனை விற்பனைக்கு நிற்கின்றன, மாதத்துக்கு எத்தனை உண்மையிலேயே கைமாறுகின்றன. அறுபது நின்று மாதம் ஐந்து போனால், புதிதாக ஒன்றும் வராவிட்டால்கூட எல்லாம் தீர பன்னிரண்டு மாதம். ஆறு மாதத்தை ஒட்டி இருந்தால் விற்பவர், வாங்குபவர் இரு பக்கமும் சமம் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஒரு மாதக் கணக்கைவிட, ஆறு மாதமாக அது கூடுகிறதா குறைகிறதா என்பது முக்கியம். பொதுவாக விலை இறங்குவதற்கு முன்னால் விற்பனை எண்ணிக்கை இறங்கும், விலை ஏறுவதற்கு முன்னாலும் எண்ணிக்கைதான் ஏறும்.

பூட்டிப் போட்ட வீடு

என் அக்காவின் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அத்தானுக்கு வேறு ஊரில் வேலை மாற்றம் வந்தது. இருந்த வீட்டை விற்கப் போட்டார்கள். அவர்கள் கேட்ட விலையை 100 என்று வைத்துக்கொண்டால், மூன்றாவது வாரமே ஒரு இளம் தம்பதி 93க்குக் கேட்டார்கள். அத்தான் வாங்கியது 96. "நஷ்டத்துக்குக் கொடுக்க நான் என்ன தெருவிலயா நிக்கிறேன்" என்றார். பூட்டிவிட்டுப் போனார்கள். சாவி என்னிடம் இருந்தது.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு ஒருநாள் யாரோ பார்க்க வருகிறார்கள் என்று தரகர் சொல்ல, நான் போய்த் திறந்தேன். சாவி பாதியில் சிக்கி, கதவைத் தோளால் தள்ளியபடி திருப்ப வேண்டியிருந்தது. உள்ளே மூடிக் கிடந்த அறையின் புழுங்கல் வாடை. சமையலறைக் குழாயைத் திருப்பினால் இரண்டு முறை இருமிவிட்டுச் செம்மண் நிறத்தில் தண்ணீர் வந்தது. வந்தவர்களில் அந்த அம்மா படுக்கையறைச் சுவரில், அலமாரி இருந்த இடத்துக்குப் பக்கத்தில் கையை வைத்துத் தடவினார். பெயிண்ட் செதில் செதிலாகக் கையோடு வந்தது. உள்ளங்கையைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை, பக்கத்தில் நின்ற கணவரைப் பார்த்தார். "யோசிச்சுச் சொல்றோம்" என்று அவர் சொல்லும்போதே அவர்கள் வாசலுக்குப் போயிருந்தார்கள்.

வீடு கடைசியில் 84க்குப் போனது. இடையில் கட்டிய வரியும், அவசரமாகப் பூசிய சுவரும், கடனுக்குப் போன வட்டியும் அந்த 84இல் சேரவில்லை. அக்கா என்னிடம் ஒரே ஒரு தடவைதான் அதைப் பற்றிப் பேசினாள். "93 போனது வருத்தமில்லடா. அந்த ரெண்டு வருஷமும் ராத்திரி மழை பெஞ்சா அந்த வீடு என்னாச்சோன்னு முழிச்சுக்கிட்டுக் கிடந்தேன் பாரு, அதுதான்" என்றாள். இந்தச் செலவுக்கு எந்தத் தாளிலும் இடம் இல்லை, ஆனாலும் அது செலவுதான்.

அதனால் நான்கு வழிகளில் காலியாகப் பூட்டி வைத்துக் காத்திருப்பதை மட்டும் நான் எவருக்கும் சொல்ல மாட்டேன். குடியிருக்க வேண்டும், குடிவைக்க வேண்டும், இல்லையென்றால் விற்க வேண்டும்.

குடிவைத்துக் காத்திருப்பது

முன்பு போட்ட அதே கணக்கில், வருஷ வாடகை 3.5இல் ஆள் இல்லாத மாதம், ரிப்பேர், வரி எல்லாம் கழித்து 1.7 நின்றது என்றால் மூன்று வருஷத்தில் 5. இன்றைய 90க்குச் சமமாக வர 99 போதும். பூட்டி வைப்பதற்கு வேண்டியிருந்த 109ஐவிட இது எவ்வளவோ பரவாயில்லை. விலை திரும்பும் என்று நம்பக் காரணம் இருந்து, வாடகைக்கு ஆள் கிடைக்கிற இடமாக இருந்தால், இது மரியாதையான நடுவழி.

ஆனால் இரண்டு இடத்தில் கால் வழுக்கும். விற்க நினைக்கும் நேரத்தில் உள்ளே ஆள் இருப்பார். தான் குடியேற வீடு தேடுகிறவர் அப்படிப்பட்ட வீட்டைத் தொடத் தயங்குவார், முதலீட்டுக்காக வாங்குகிறவர் குறைத்துத்தான் கேட்பார். ஒப்பந்தம் எழுதும்போதே, எந்த மாதத்துக்கு மேல் விற்பனைக்குக் காட்டலாம், எத்தனை நாள் முன்னறிவிப்பு என்று எழுதிக்கொள்ளுங்கள். அடுத்தது வரி. சொந்தக் குடியிருப்பை விற்றால் லாபத்துக்குக் கிடைக்கும் சலுகை, வாடகைக்கு விட்ட பின் தேய்ந்துகொண்டே போகலாம். அமெரிக்காவில் விற்பதற்கு முந்தைய ஐந்து வருஷத்தில் இரண்டு வருஷமாவது அதில் குடியிருந்திருக்க வேண்டும். பிரிட்டனில் வெளியேறிய பின் பொதுவாகக் கடைசி ஒன்பது மாதம்தான் சலுகைக்குள் வரும். உங்கள் நாட்டில் என்ன விதி என்று ஆடிட்டரிடம் கேட்டுவிட்டுக் குடிவையுங்கள், வைத்த பிறகு கேட்காதீர்கள்.

விற்று, இதே மார்க்கெட்டில் வாங்குகிறவர்

மந்தத்தைப் பார்த்து வீணாகப் பயப்படுகிறவர்கள் இவர்கள்தான். உங்கள் வீடு 100இலிருந்து 85க்கு இறங்கிவிட்டது. நீங்கள் போக நினைக்கும் பெரிய வீடும் அதே அளவில் இறங்கியிருந்தால் 160 இருந்தது 136 ஆகியிருக்கும். முன்பு கையிலிருந்து 60 போட வேண்டும், இப்போது 51 போதும். விற்கும்போது 15 போயிற்றே என்று அழுகிறவர், வாங்கும்போது 24 குறைந்ததைப் பார்ப்பதில்லை. குடும்பம் பெரிதாகி, பெரிய வீட்டுக்குப் போக வேண்டியவர்களுக்கு மந்தம்தான் நல்ல நேரம்.

சின்ன வீட்டுக்கு மாறுகிறவர்களுக்கு எதிர்ப்பக்கம். 100 போய் 85, வாங்க வேண்டிய 60 இப்போது 51. கையில் மிஞ்ச வேண்டிய 40, 34 ஆகிறது. ஓய்வுக்காலத்துக்கு அந்த மிச்சத்தை நம்பி இருப்பவர்கள் முடிந்தால் கொஞ்சம் பொறுக்கலாம். மாடிப்படி ஏற முடியாத முழங்காலுக்கு அந்த 6 ஈடாகுமா என்பதையும் அவர்கள்தான் சொல்ல வேண்டும். மந்தத்தில் முதலில் விற்றுவிட்டு, பிறகு வாங்குங்கள். மாற்றி வாங்கிவிட்டு இரண்டு வீட்டுக்கும் தவணை கட்டியவர்கள் கடைசியில் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

விற்பதென்று முடிவானால்

"முதலில் கூடப் போட்டுப் பார்ப்போம், போகாவிட்டால் குறைப்போம்" என்பது சூடான மார்க்கெட்டில் பலிக்கும். மந்தத்தில் அதுவே மிக விலை உயர்ந்த வழி. புதிதாக வந்த வீட்டை முதல் சில வாரம்தான் தேடுகிறவர்கள் எல்லோரும் பார்ப்பார்கள். அதற்குப் பின் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால், ஒவ்வொரு தடவையும் மார்க்கெட் நமக்கு ஒரு படி கீழே இறங்கியிருக்கும், நாம் பின்னால் ஓடிக்கொண்டே இருப்போம். நாள்பட்ட வீட்டைப் பார்க்கிறவர் "ஏன் இவ்வளவு நாளாப் போகல?" என்று கேட்டுவிட்டுத்தான் விலையே பேசுவார். கடந்த மூன்று மாதத்தில் பக்கத்தில் உண்மையில் படிந்த விலைகளைக் கேட்டு வாங்குங்கள். விளம்பரத்தில் இருக்கும் விலை வெறும் ஆசை. படிந்த விலைக்கு ஒரு விரற்கடை கீழே போட்டால், இருக்கிற கொஞ்சம் பேரும் உங்கள் வீட்டுக்குத்தான் முதலில் வருவார்கள்.

தரகரின் பேச்சையும் நிறுத்துப் பாருங்கள். அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை. ஸ்டீவன் லெவிட், சாட் சைவர்சன் என்ற பொருளாதார அறிஞர்கள் இருவரும் அமெரிக்காவின் சிகாகோ வட்டாரத்தில் சுமார் ஒரு லட்சம் விற்பனைகளைப் பார்த்து 2008இல் எழுதினார்கள்: தரகர்கள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது சராசரியாக ஒன்பதரை நாள் கூடுதலாகப் பொறுத்து, 3.7 சதவீதம் கூடுதல் விலை வாங்கினார்கள். விலை கொஞ்சம் ஏறினால் அவருடைய கமிஷனில் ஏறுவது சில்லறை, அதற்காக அவர் இன்னும் இரண்டு வாரம் அலைய வேண்டும். ஆகவே "இன்னும் பத்து நாள் பாருங்கள்" என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. பத்து நாள் பொறுப்பது வேறு, இரண்டு வருஷம் பொறுப்பது வேறு.

விற்றாலும் கடன் அடையாது என்ற நிலையில் இருப்பவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் அப்படியே பொருந்தாது. தவணை தவறுவதற்கு முன்னால் கடன் கொடுத்தவரிடம் போய் உட்காருங்கள். தவணையை மாற்றி அமைப்பது, பாக்கியோடு விற்க ஒப்புதல் வாங்குவது போன்ற பேச்சுகளை முன்கூட்டியே தொடங்குவது பொதுவாகச் சுலபம்.

இனி, விற்கவே தேவையில்லாதவர்கள். வீட்டிலேயே குடியிருக்கிறார்கள், தவணை கைக்கு அடக்கமாக இருக்கிறது, பழைய குறைந்த வட்டி மாறாமல் நிற்கிறது, வேலையும் பள்ளிக்கூடமும் பக்கத்தில் இருக்கின்றன. யாரோ எதிர்வீடு குறைந்த விலைக்குப் போனதைச் சொல்லி, "இன்னும் இறங்குமாம், இப்பவே கொடுத்திருங்க" என்று வயிற்றில் புளியைக் கரைத்தால், அவர்கள் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. எதிர்வீட்டின் விலை அவர்களுடைய தவணையில் ஒரு காசைக் கூட்டாது. பெயிண்ட் உரியும் இடத்தைச் சுரண்டிப் பூசிவிட்டு அங்கேயே குடியிருக்கலாம்.